கீழ்ப்படிதல் எப்படி உருவாக்கப்படுகிறது? இளையோருக்கான டிஸ்டோபியா நாவல்களும் தோட்டப்புற வரலாறும்

மலேசியாவில் பந்திங் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகை ஆங்கில நாவலைக் கைமாற்றி வாசிக்கிறார்கள். அந்தக் கதைகளில் அரசாங்கம் கொடியது. பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள். பதினாறு வயதுப் பெண்ணோ பன்னிரண்டு வயதுப் பையனோ "முடியாது" என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் பெற்றோருக்கு இது குழப்பமாக இருக்கிறது. பிள்ளைக்கு எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுக்கும் புத்தகமா இது? பள்ளியில் வம்பில் மாட்டிக்கொள்வானா? படிக்க விடலாமா, பிடுங்கி வைக்க வேண்டுமா?

நியாயமான கேள்விகள்தான். பதில் சொல்வதற்கு முன் அந்த நாவல்கள் உண்மையில் எதைப் பற்றிப் பேசுகின்றன என்று பார்க்க வேண்டும். கலகத்தைப் பற்றி அவை பேசுவது குறைவு. கீழ்ப்படிதல் என்ற ஒன்று எந்தெந்தப் பாகங்களைச் சேர்த்துச் செய்யப்படுகிறது என்பதே அவற்றின் முதன்மையான பொருள். பால்மரக் (ரப்பர்) காட்டில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகள் அந்தப் பாகங்களில் பலவற்றைக் கண்ணால் கண்டவர்கள்.

அடிப்படை: டிஸ்டோபியா என்பது எது?

டிஸ்டோபியா என்பது கற்பனையான ஒரு சமுதாயத்தின் கதை. அங்கே ஒழுங்கு இருக்கும். பல நேரம் சுத்தமும் அமைதியும்கூட இருக்கும். அந்த ஒழுங்குக்கு விலையாக மனிதர்களின் விருப்பம், நினைவு, பேச்சு எல்லாம் பறிக்கப்பட்டிருக்கும். பேய்க்கதையிலும் போர்க்கதையிலும் கெட்டவன் ஒருவனை ஒழித்தால் கதை முடிந்துவிடும். டிஸ்டோபியாவில் அப்படி முடியாது. தீங்கு அங்கே விதியாக எழுதப்பட்டு, பதிவேடு, பங்கீடு, அனுமதிச் சீட்டு, தண்டனை என்று அன்றாட நிர்வாகத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதை நடத்துபவர்களில் பலர் நல்லவர்களாகவே இருப்பார்கள். வாசகரைக் கலங்கடிப்பது அதுதான்.

பெரியவர்களுக்கான இவ்வகைக் கதைகளில் அதிகம் பேசப்படுவது ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984'. இளையோருக்கான வரிசையில் இரண்டு நூல்கள் திருப்புமுனைகள். லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993-இல் வந்தது, மறு ஆண்டே நியூபெரி பதக்கம் பெற்றது. சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008-இல் வந்தது. தமிழுக்கும் இது புதிதல்ல. 1980-களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரில் ஜீவா என்ற ஆட்சியாளனின் கீழ் மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள்தான். பிள்ளை பெறவும் அனுமதி வேண்டும். நம் வீடுகளில் ஜீனோ என்ற இயந்திர நாயை நினைவு வைத்திருப்பவர்கள் அந்த அனுமதியையும் நினைவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம்.

இளையோர் நாவல்களின் நாயகர்கள் ஏன் பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் இருக்கிறார்கள்? விதிகள் வானத்திலிருந்து விழவில்லை, யாரோ உட்கார்ந்து எழுதினார்கள் என்பதை ஒரு பிள்ளை முதன்முதலில் உணரும் வயது அது. 'தி கிவர்' கதையில் 12 வயதானதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாழ்நாள் வேலை எது என்று மூத்தோர் குழு அறிவித்துவிடுகிறது. யாரும் ஏனென்று கேட்பதில்லை. படிவம் மூன்று முடிந்து அடுத்து எந்தப் பாடங்கள் என்று முடிவாகப்போகும் பிள்ளைக்கு அந்தக் காட்சி தூரத்துக் கற்பனையாகத் தோன்றாது.

கீழ்ப்படிதலின் பாகங்கள்

இந்த நாவல்களைப் பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வரும் சில பாகங்கள் தெரியும்.

1. பசி. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் வாசகர்கள் வேகமாகக் கடந்துவிடும் இடம் இது. 'தி ஹங்கர் கேம்ஸ்' கதையில் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் குலுக்கலில் எடுக்கப்பட்டுச் சாகும்வரை மோத அனுப்பப்படுகிறார்கள். குலுக்கல் எல்லாருக்கும் பொதுவானது போலத் தெரியும். அப்படி இல்லை. வீட்டில் சாப்பாடு இல்லாத பிள்ளை தன் பெயரை இன்னொரு முறை சீட்டில் எழுதிப் போட்டால் ஓராளுக்கு ஓராண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். ஆக, ஏழைப் பிள்ளையின் பெயர்தான் பெட்டியில் அதிகம் இருக்கும். அதே கதையில் 11-ஆவது மாவட்டம் முழுக்க விவசாயம். பழத்தோட்டங்களில் வேலை செய்யும் மக்கள் தாங்கள் பறிப்பதைத் தின்றால் சவுக்கடி. ஒரு தோட்டத்துப் பிள்ளை இந்தப் பக்கங்களை வாசிக்கும்போது அமெரிக்கப் பிள்ளை வாசிப்பதைவிட ஒரு படி நெருக்கமாக வாசிக்கும் என்று நம்புகிறேன்.

2. கண்காணிப்பு. ஆர்வெலின் கதையில் சுவரில் இருக்கும் திரை பார்க்கிறது, கேட்கிறது. அது எந்த நேரத்தில் பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லா நேரமும் பார்ப்பதாக நினைத்தே மக்கள் நடந்துகொள்கிறார்கள். காவலுக்கு ஆள் குறைவாக இருந்தாலும் போதும். ஒவ்வொருவரும் தனக்குத் தானே காவலாகிவிடுகிறார்கள்.

3. மறதி. லோரியின் சமூகத்தில் பழைய காலத்தின் நினைவுகள் முழுவதும் ஒரே ஒரு முதியவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. மற்றவர்களுக்குப் போர் தெரியாது, பனி தெரியாது, நிறங்கள்கூடத் தெரியாது. வேறு விதமாக வாழ முடியும் என்பதே தெரியாதவர்களிடம் எதைக் கொடுத்தாலும் நியாயமாகத்தான் தோன்றும்.

4. மென்மையான சொற்கள். அதே கதையில் முதியவர்களையும் எடை குறைந்த குழந்தைகளையும் "விடுவிக்கிறார்கள்". கொல்கிறார்கள் என்பது நாயகனுக்கே வெகு தாமதமாகத்தான் புரிகிறது.

இது நம் தோட்டங்களில் நடந்தது

மேலே சொன்னவற்றைக் கற்பனை என்று ஒதுக்க வேறு ஊர்க்காரர்களால் முடியலாம். சிலாங்கூர், பேராக், ஜொகூர் தோட்டங்களின் கதை தெரிந்தவர்களால் முடியாது.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு கங்காணி முறையே ஆட்களைக் கொண்டுவந்தது. கங்காணி என்பவர் ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து அவர்களை மேற்பார்ப்பவர். கங்காணிக்குத் தன் கூட்டத்தில் அன்றன்று வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு உண்டு. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கங்காணியின் வருமானம் குறையும். ஆகவே விடியுமுன் லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கதவைத் தட்டி பெரட்டுக்கு (காலை ஆளெண்ணும் அணிவகுப்பு) எழுப்புவது அவரது குணத்தைப் பொறுத்ததாக இருக்கவில்லை. முறையே அவரை அப்படிச் செய்ய வைத்தது. அவரும் அதே ஊர்க்காரராக, அதே சாதிக்காரராக, சில நேரம் சொந்தக்காரராகவும் இருந்தார். மேலே கிராணி என்ற எழுத்தர், அதற்கும் மேலே தொரை என்ற தோட்ட நிர்வாகி. வீடு தோட்டத்துடையது, கடை தோட்டத்துக்குள், கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் வாய் திறப்பதற்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மிதிவண்டியில் போகும் தொழிலாளி எதிரே தொரையோ கிராணியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. இதனால் தோட்டத்துக்கு ஒரு காசு லாபமில்லை, ஒரு ராத்தல் ரப்பர் கூடுதலாக வராது. பிறகு ஏன்? உடம்பைக் கொண்டு தினமும் ஒருமுறை "நான் கீழே" என்று சொல்ல வைப்பதற்குத்தான். டிஸ்டோபியா நாவலாசிரியர்கள் எத்தனையோ சடங்குகளைக் கற்பனை செய்திருக்கிறார்கள். இதைவிடச் சுருக்கமான ஒன்றை நான் எந்த நாவலிலும் கண்டதில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் தலைமையிலான கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அவர்களுக்குப் பின்னால் நின்றது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பும் மருத்துவமும் கேட்டார்கள், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். மிதிவண்டியிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். பேச்சுரிமையும் கூடும் உரிமையும் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: குறைகளை எடுத்துச் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது.

இந்தக் கடைசிக் கோரிக்கையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் தனியாக எடுத்துப் பேச வேண்டும். பேசும் தைரியம் அவர்களிடம் ஏற்கனவே இருந்தது. பேசியவருக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்பதுதான் உண்மையான சிக்கல் என்று படிப்பறிவு மறுக்கப்பட்ட அந்த மக்கள் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார்கள். மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். எதிர்ப்பு பரவியது, சிலாங்கூரில் அவசர நிலை வந்தது, படை இறங்கியது, தொழிலாளர்கள் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

பிறகு, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக வந்த 1948 அவசரகாலத்தில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாள அட்டை கட்டாயமானது. 1950-க்குப் பின் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் மக்கள் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் ஒன்றாகக் குவிக்கப்பட்டு வேலி போடப்பட்டன. ஊரடங்கு, உணவுப் பங்கீடு எல்லாம் வந்தன. சில இடங்களில் அரிசியைக் கையில் கொடுக்காமல் பொது அடுப்பில் சோறாக்கித்தான் கொடுத்தார்கள், காட்டுக்குள் இருக்கும் கெரில்லாக்களுக்குக் கடத்திக் கொண்டுபோனால் கெட்டுப்போகும் என்பதற்காக. வேலி, அட்டை, அளந்து கொடுத்த சோறு: நாவலில் வந்தால் மிகை என்போம்.

சாதாரண மனிதர் ஏன் பணிகிறார்?

1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. பக்கத்து அறையில் இருப்பவர் தவறான பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போகும்படி ஆய்வாளர் சொல்வார். உண்மையில் மின்சாரம் கிடையாது, பக்கத்து அறையில் இருப்பவர் நடிக்கிறார். முதல் சோதனையில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று எழுதிய கடைசி விசை வரை போனார்கள். அவர்களைப் பிடித்து வைத்தவர் யாருமில்லை. எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இதுவரை பலருக்கும் தெரியும். இன்னொரு வடிவத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. அதில் விசையைப் போடுபவருக்குப் பக்கத்தில் மேலும் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். இடையில் ஒருவர் "இனி செய்ய மாட்டேன்" என்று எழுந்துவிடுவார், பிறகு மற்றவரும் எழுந்துவிடுவார். அப்போது கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே. சோதனையில் பங்கெடுத்த சிலர் மின்னதிர்ச்சி பொய் என்று சந்தேகித்திருக்கலாம் என்ற விமர்சனம் பின்னாளில் வந்தது, அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படியிருந்தும் 26-க்கும் 4-க்கும் உள்ள இடைவெளி சிறியதல்ல. மனிதர்கள் தனியாக இருக்கும்போது பணிகிறார்கள். பக்கத்தில் ஒரு குரல் எழுந்துவிட்டால் பெரும்பாலோருக்குத் தங்கள் குரலும் திரும்பக் கிடைக்கிறது.

பள்ளி ஒழுங்கும் அடிபணிதலும் ஒன்றா?

இல்லை. பெற்றோரின் பயம் இந்த இரண்டும் கலந்துபோவதால்தான் வருகிறது. வரிசையில் நிற்பதும் தாமதமாக வராமலிருப்பதும் எந்த நாவலுக்கும் எதிரி அல்ல. ஒரு விதி எந்தப் பக்கம் என்று பிள்ளையே பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும்:

1. இந்த விதிக்குக் காரணம் கேட்டால் சொல்வார்களா? கேட்டதே குற்றமாகிவிடுமா?
2. விதியைப் போட்டவருக்கும் அது பொருந்துமா?
3. தவறாகத் தண்டிக்கப்பட்டால் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா?

முடி நீளத்துக்கான விதியை இந்த மூன்றிலும் வைத்துப் பார்க்கலாம். மாணவர் தலைவர்களுக்கு மட்டும் சலுகை உண்டா என்று பார்க்கலாம். பெரும்பாலான பள்ளி விதிகள் தேறிவிடும். தேறாத ஒன்றிரண்டைப் பிள்ளை சுட்டிக்காட்டினால் அது மரியாதைக் குறைவாகாது. இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன் கெடுக்க ஆளில்லாமலே கெடுவான் என்பது நாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கும் குறள்தானே. ஆராய்ச்சி மணியைக் கதையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மணியடிக்கப் போகும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுப்பது சரியில்லை.

பேசுபவருக்கு என்ன பாதுகாப்பு?

மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது விதி, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்ல ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. பிள்ளை சொன்னதெல்லாம் நடக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்கிறது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. சபாவின் கோத்தா பெலுட்டில் ஒரு கிராமப்புற இடைநிலைப் பள்ளி. 2015-இல் அங்கே ஆங்கில ஆசிரியர் 7 மாதம் வகுப்புக்கு வரவில்லை. முன்னாள் மாணவிகள் மூவர் ஆசிரியர், பள்ளி நிர்வாகம், அரசாங்கம் எல்லாரையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2023 ஜூலையில் கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து 150,000 ரிங்கிட் இழப்பீடு வழங்கச் சொன்னது. வென்றது எதனால் என்று பாருங்கள். மூவராகச் சேர்ந்தார்கள், எந்த மாதம் என்ன நடந்தது என்று சொல்ல முடிந்தது, விடாமல் பல ஆண்டு நின்றார்கள். நாவலில் இது சுவையில்லாத அத்தியாயமாக இருக்கும். நம் பிள்ளைகளுக்குத் தேவையான அத்தியாயம் இதுதான்.

சட்டத்தின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், முறைகேட்டை அமலாக்க நிறுவனத்திடம் தெரிவிப்பவரைத்தான் காக்கிறது. அதே தகவலை முகநூலிலோ பத்திரிகையிலோ வெளியிட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தோட்டத்தில், தொழிற்சாலையில், பள்ளியில் எங்கே எதைக் கண்டாலும் முதலில் கைப்பேசியில் நேரலை போடும் வயதுக்கு இதை எடுத்துச் சொல்வது அவசியம்.

அடையாளச் செயலுக்கும் விலை உண்டு. 2014-இல் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, 'தி ஹங்கர் கேம்ஸ்' கதையின் மூன்று விரல் வணக்கத்தை எதிர்ப்பாளர்கள் கையிலெடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கோன் கேனில் பிரதமர் முன் அப்படிக் கையுயர்த்திய மாணவர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். பேங்காக்கில் சில திரையரங்குகள் அந்தக் கதையின் படத்தையே நிறுத்தின. 2021-இல் மியன்மாரிலும் அந்தக் கை உயர்ந்தது. ஒரு சிறுவர் நாவலின் சைகை ஏன் ஓர் இராணுவத்தைப் பயமுறுத்தியது? அதைத் தூக்கியவர் ஒருவர் அல்லர் என்பதால்.

நாவல்கள் தவறும் இடம், வாசிக்கும் வயது

இந்த நாவல்கள் மீது எனக்குள்ள பெரிய குறை, எல்லாச் சுமையையும் அசாதாரணமான ஒரே பிள்ளையின் தலையில் வைப்பது. வில்வித்தையோ தனித்த பார்வையோ கொண்ட அந்த ஒருத்தி இல்லாவிட்டால் ஊரே ஊமையாக இருந்திருக்கும் என்ற எண்ணத்தை அவை விதைக்கின்றன. கிள்ளானில் அப்படி நடக்கவில்லை. தலைவரைக் கைது செய்த பிறகுதான் வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. பெயர் பதியப்படாத பால்வெட்டுப் பெண்களும் ஆண்களும் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். ஆகவே பிள்ளை நாவலை முடித்ததும் "நீ அவளாக இருந்தால் என்ன செய்வாய்" என்று கேட்பதைவிட, "அவளுக்குப் பக்கத்தில் முதலில் வந்து நின்றது யார், ஏன் வந்தார்" என்று கேட்பது நல்லது. கதைகளிலும் அந்த ஆள் இருக்கிறார். வாசகர் கண் அவர்மேல் படுவதில்லை. வீட்டில் பாட்டி இருந்தால் பெரட்டைப் பற்றியும் மிதிவண்டியைப் பற்றியும் அவரிடமே கேட்கச் சொல்லலாம். லயங்கள் இடிக்கப்பட்டு, பால்மரம் செம்பனையாகி, குடும்பங்கள் அடுக்குமாடிக்கு வந்துவிட்ட ஊர்களில் அந்த நினைவு சிலரிடம்தான் மிஞ்சியிருக்கிறது.

வயதைப் பொறுத்தவரை, 'தி கிவர்' 12 வயதுக்குப் பொருந்தும். குழந்தை ஒன்று கொல்லப்படும் காட்சி அதில் உண்டு. அதனால் பெரியவர் ஒருவர் கூடவே வாசிப்பது உதவும். அமெரிக்காவிலேயே 1990-களில் பள்ளிகளில் அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல்களில் அதுவும் ஒன்று. 'தி ஹங்கர் கேம்ஸ்' படிவம் இரண்டுக்கு மேல். பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்லும் பக்கங்கள் அதில் ஏராளம். ஆர்வெலின் '1984' படிவம் நான்குக்கு முன் வேண்டாம், சித்திரவதை அத்தியாயங்கள் கடுமையானவை. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்குச் சுஜாதாவின் ஜீனோவிலிருந்து தொடங்கலாம்.